பட்டைமேட்டில் நின்றவன் மகனுக்கு எழுதுவது

பிரபு, போன மாதம் போனில் நீ கேட்டது நியாயமான கேள்விதான். "வேணாம்னா வேணாம்னு சொல்லு நைனா, ஆனா காரணத்தச் சொல்லு" என்றாய். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் உன் அம்மா உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளை வைத்துக்கொண்டு அந்தக் காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்று ஆகிவிட்டது. நேரில் சொன்னால் பாதியில் நான் கத்துவேன், நீயும் கத்துவாய், விஷயம் விஷயமாகவே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். ஆபீஸில் வைத்துப் படிக்காதே. ரூமுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் படி.

நான் சந்தேகப் பிராணி என்பது உனக்குத் தெரியும். பால்காரர் ஊற்றும்போது கூடவே நின்று பார்ப்பேன். நீ பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியபோது, சரியாகத்தான் கூட்டியிருக்கிறார்களா என்று பள்ளிக்கூடத்துக்கே போய்க் கேட்டவன் நான். உனக்கு வேலை கிடைத்தபோது உன்னிடம் சொல்லாமல் ஸ்ரீபெரும்புதூர் வரை பஸ் ஏறி, அப்படி ஒரு கம்பெனி இருக்கிறதா என்று வாசல் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். "கோயில் பிரசாதம் குடுத்தாலும் மோந்து பாத்துட்டுதான் இந்த ஆளு வாயில போடுவாரு" என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்ட என்னிடம் நீ வந்து, பாகாயத்தில் லேபில் வேலை செய்யும் சுகன்யா என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாய். அவள் அப்பா ஏழுமலை, பள்ளிகொண்டாவில் டயர் கடை வைத்திருக்கிறார் என்றாய். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்துப் போய்விட்டது. பெண்ணைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவன்தான் அவளை உன் பக்கம் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். ரத்த தான முகாமில் பார்த்துப் பழகினோம் என்று நீ சொன்னபோது அந்த முகாமையே சந்தேகப்பட்டேன்.

ஏழுமலையை உனக்கு மாமனாராக வரப்போகிறவராகத்தான் தெரியும். எனக்கு அவன் ஒரு காலத்தில் உயிர் தோஸ்த். தோல் பதனிடும் ஒரே ஷாப்பில் வேலை, ஒரே சைக்கிளில் போவோம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஃபுட்பால் பார்க்க ஒரே இடத்தில் நிற்போம். அந்த இடத்தைப் பற்றி உனக்கு நான் சொன்னதே இல்லை. நம்ம ஆம்பூரில் இப்போது சிமெண்ட் படி கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி பதித்து, மேலே தகரக் கூரை போட்டு, கேலரி என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அதே மைதானத்தில் அன்றைக்கு ஒரு மேடு இருந்தது. அந்தக் காலத்தில் மரப்பட்டையை ஊற வைத்துத்தான் தோல் பதனிடுவார்கள். சாறு இறங்கிய சக்கைப் பட்டையை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து மைதானத்து ஓரத்தில் கொட்டுவார்கள். கொட்டிக் கொட்டி அது ஒரு சின்னக் குன்றாகிவிட்டது. அதற்குப் பட்டைமேடு என்று பெயர். காலை வைத்தால் லேசாக அமுங்கி மறுபடி தூக்கிக் கொடுக்கும். மழை பெய்தால் ஊரே மூக்கைப் பிடித்துக்கொள்ளும், எங்களுக்கு அது வாசனையாகவே தெரியாது. மைதானத்துக்கு எதிர்ப்பக்கம் ஷாமியானா போட்டு முதலாளிமார், ஆபீஸ்காரர்களுக்கு நாற்காலி போட்டிருப்பார்கள். மேட்டில் நாற்காலி கிடையாது, யாரும் உட்காரவும் மாட்டார்கள். உட்கார்ந்தவனைப் பார்த்து "இன்னாடா, முட்டி தேஞ்சி போச்சா?" என்று கேட்டே எழுப்பிவிடுவோம்.

அங்கே நின்றபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். வாரம் பூராவும் ஈரத் தோலைத் தூக்கித் தூக்கி முதுகு ஒடிந்தவன், சூப்பர்வைசர் முன்னால் வாய் திறக்காதவன், மேட்டில் ஏறியதும் வேறு ஆளாகிவிடுவான். நம்ம பையன் கோல் அடித்தால் கூட்டம் நெருக்கும் நெருக்கில் என் கால் தரையிலேயே இருக்காது. யார் தோளில் சாய்ந்திருக்கிறேன், யார் என் தோளில் சாய்ந்திருக்கிறான் என்று தெரியாது. அதுபோல ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு அப்புறம் நீ பிறந்தபோதுதான் வந்தது. சரியாகச் சொன்னால் நீ அதற்கு முன்பே பிறந்துவிட்டாய், கைக்குழந்தை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன்னைத் தொட்டிலில் போட்டுவிட்டு மேட்டுக்குத்தான் ஓடுவேன்.

எங்கள் ஷாப் டீமுக்குச் சிவப்பு. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து ஷாப் டீமுக்கு நீலம். கொடி வாங்கவோ பனியன் வாங்கவோ எங்களிடம் வசதி ஏது? சாயம்தான் இருந்தது. தோலுக்கு நிறம் ஏற்றும் பெரிய மர டிரம்மிலிருந்து சனிக்கிழமை ஷிப்ட் முடியும்போது ஒரு பக்கெட் சிவப்புச் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்வோம். மணிக்கட்டு வரை இரண்டு கையையும் அதில் முக்கி எடுப்போம். மறுநாள் மேட்டில் நின்று எல்லோரும் கையைத் தூக்கினால் எதிர்ப்பக்கத்து ஷாமியானாவில் இருப்பவர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். அந்தச் சாயம் சோப்புக்கும் போகாது, மண்ணெண்ணெய்க்கும் போகாது, தானாகத்தான் உரிந்து போக வேண்டும். ஷாப்பில் சாய டிரம் வேலை பார்ப்பவர்களுக்கு வருஷம் முழுக்க அப்படித்தான் கை இருக்கும். உன் பெரிய மாமாவுக்கு அந்த வேலைதான். அம்மாவின் அண்ணன், உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு பொருட்காட்சி காட்டியவர். அவர் வாழ்நாளில் ஒரு தடவைகூட மேட்டில் ஏறியதில்லை. பந்தை உதைக்க எதற்கு இத்தனை பேர் என்று கேட்பார்.

இப்போது எங்கள் பழைய ஆட்கள் சேர்ந்து வாட்ஸாப்பில் ஒரு குரூப் ஆரம்பித்திருக்கிறார்கள். யாரோ என்னையும் சேர்த்துவிட்டார்கள். காலையில் எழுந்தால் ஒரே பெருமை. அந்தக் காலம் மாதிரி வருமா, நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதெல்லாம் ஆட்டமா, நம்ம மேட்டின் ஒற்றுமை எங்கே போயிற்று என்று எழுதுகிறார்கள். ஒரு சந்திப்பு வைத்து, பழைய ரசிகர்களுக்குச் சால்வை போடப் போகிறார்களாம். இதை எழுதுகிறவர்களில் பாதிப்பேர் ஷாமியானாவில் உட்கார்ந்திருந்தவர்கள் என்று எனக்குப் பலமான சந்தேகம். மேட்டில் நின்றவர்கள் அந்தக் குரூப்பில் வாயே திறப்பதில்லை. கடைசி ஆட்டத்தைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. ஒரே ஒருவர், அன்றைக்கு உணர்ச்சி வேகத்தில் ஏதோ நடந்துவிட்டது என்று எழுதினார். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் பட்டைமேட்டில் கல்லே கிடையாது. தோண்டிப் பார்த்தாலும் பட்டைதான் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை பறந்த கல் எல்லாம் தண்டவாளத்து ஜல்லி. காலையிலேயே டிபன் பையில் போட்டு மேட்டுக்குக் கொண்டுவந்தது. கல்லைப் பொறுக்கும்போது எவனுக்கும் உணர்ச்சி வேகம் இல்லை, நிதானமாகக் குனிந்து நல்ல கல்லாகப் பார்த்துத்தான் பொறுக்கினோம். என் பையிலும் இருந்தது. ஏழுமலை பையிலும் இருந்தது. நீலக்காரர்களும் வெறுங்கையோடு வரவில்லை. ஆட்டம் முடிகிற நேரத்தில் ரெஃப்ரி அவர்களுக்கு ஒரு பெனால்டி கொடுத்தார். கொடுத்தது சரிதான் என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கீழே இறங்கினோம், மூங்கில் வேலி முறிந்தது, அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. கல் பட்டு ஒரு போலீஸ்காரருக்கு நெற்றி பிளந்தது. அவர் உட்கார்ந்த இடத்தில் அப்படியே சாய்ந்ததைப் பார்த்ததும்தான் கூட்டம் கலைந்தது. நீ இப்போது நண்பர்களோடு சென்னை மைதானத்தில் போய் ஆட்டம் பார்க்கிறாய், மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு போட்டோ அனுப்புகிறாய், சந்தோஷம்தான். ஆனால் ஆட்டம் தோற்ற அன்று நீ போனில் எதிர் டீம்காரர்களைப் பற்றி எழுதுவதையும் உன் அத்தை மகன் எனக்குக் காட்டினான். வீட்டிலிருந்து கிளம்பும்போதே பையில் என்ன எடுத்துப் போகிறோம் என்று பார்த்துக்கொள், அவ்வளவுதான் நான் சொல்வது.

ஓடிப்போய் ஷாப்புக்குப் பின்பக்கம் கூடினோம், இருபது முப்பது பேர். எல்லோர் கையும் சிவப்பு. மைதானம் முழுக்கப் பார்த்த கை அது, போலீஸ் முதலில் அதைத்தான் தேடும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஏழுமலை சாய ஸ்டோரில் வேலை, சாவி அவனிடம் இருந்தது. "கருப்ப மேல ஏத்திட்டா செவப்பு தெரியாதுடா" என்றான். நல்ல யோசனை என்று அவன் முதுகில் தட்டினேன். பக்கெட்டில் கருப்புச் சாயம் கரைத்து எல்லோரும் கையை முக்கினோம். விரல் நுனி முதல் மணிக்கட்டு வரை கருகருவென்று ஆயிற்று. எங்களுக்கு அப்போது ஒரு விஷயம் தோன்றவே இல்லை. அந்த மாதம் முழுக்க ஷாப்பில் ஓடியது வெளிநாட்டு லேடீஸ் ஷூவுக்கான சிவப்பு ஆர்டர் மட்டும்தான். கருப்பு ஓடவே இல்லை. ஷாப்பைப் பற்றித் தெரிந்த யார் பார்த்தாலும், கருப்புக் கைக்காரன் எதையோ மறைக்கிறான் என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா என் கையைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டம்மா ஓடிவந்தார். "உங்க அண்ணன டீக்கடையிலேந்து போலீஸ் இட்டுகினு போய்ட்டாங்க, கை செவப்பா இருக்குதாம்" என்றார். உன் அம்மா அப்படியே என் பக்கம் திரும்பினாள். "மச்சான் மேட்டுக்கே வரலியே, விசாரிச்சிட்டு காலையில வுட்டுடுவாங்க" என்றேன். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் மாமாவுக்கு வலது கை கட்டைவிரல் மடங்காதே, டிரம்மில் மாட்டிக்கொண்டது என்று உனக்குச் சொல்லி வளர்த்தோம். டிரம்மில் மாட்டவில்லை. அன்றைக்கு ஸ்டேஷனில் நடந்தது அது. அவர் சாகிற வரைக்கும் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்குக் காபி வாங்கிக் கொடுக்காமலும் அனுப்பியதில்லை.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது உன் அம்மாவும் இல்லை, நீயும் இல்லை. அவள் அண்ணி வீட்டுக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள் என்று நினைத்து வேலைக்குக் கிளம்பினேன். சங்கு ஊதுகிற நேரம், ஷாப் கேட்டில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். சிவப்புக் கையைத் தேடுவார், நாம் தைரியமாகப் போகலாம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். அவர் சிவப்பு என்ற பேச்சையே எடுக்கவில்லை. "கருப்புக் கை எல்லாம் இந்தப் பக்கம் வாங்கடா" என்றார். வேலூரிலிருந்து வந்த இன்ஸ்பெக்டருக்குக் கருப்பைப் பற்றி எப்படித் தெரியும்? வரிசையில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். முக்கின எல்லோரும் இருந்தார்கள். ஏழுமலை மட்டும் இல்லை. அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை.

அந்த நிமிஷத்தில் முடிவு செய்தேன், அவன்தான் என்று. அதற்கப்புறம் நடந்த எதுவும் என்னை அசைக்கவில்லை. ஸ்டோர் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போலீஸ் அன்று மத்தியானமே அவனையும் வீட்டிலிருந்து பிடித்துப் போனது. நாடகம் என்று நினைத்தேன். என்னை அன்று சாயங்காலமே இரண்டு அறை கொடுத்து விட்டுவிட்டார்கள், அவன் பல வாரம் வேலூர் ஜெயிலில் இருந்தான், வெளியே வந்தபோது ஷாப்பில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்களை மாட்டிவிட்ட பாவம் சும்மா விடுமா என்று நினைத்தேன். எதிரில் வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு தெருவில் போவேன். அவனும் அப்படித்தான் திருப்பிக்கொண்டு போனான். தப்பு செய்தவன் முகத்தைக் காட்ட முடியாமல் போகிறான் என்று அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். பிறகு பள்ளிகொண்டாவில் டயர் கடை வைத்துப் போய்விட்டான். மேட்டுக்கு அப்புறம் நான் போகவே இல்லை. தோஸ்த் இல்லாமல் அங்கே நிற்பதில் எனக்கு ஒன்றும் இல்லை.

இதுதான் நீ கேட்ட காரணம். இதோடு எழுதி முடித்திருந்தால் நீ என்னைப் பைத்தியம் என்று சொல்லியிருப்பாய், விஷயமும் அங்கேயே நின்றிருக்கும். ஆனால் உன் குரல் போனில் உடைந்ததைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தே கேட்டுவிடுவோம் என்று யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். கடையில் அவன் குனிந்து லாரி டயர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "கல்யாணத்துக்கு ஒத்துக்கினியா, இல்ல சண்டைக்கு வந்தியா?" என்றான். நான் நேராகக் கேட்டேன். "கருப்புக் கைய போலீசுக்கு ஏன்டா சொன்ன?" அவன் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. "இத்தினி வருசமா நான் உன்ன கேக்கணும்னு இருந்தத நீ என்ன கேக்கறியா?" என்றான். "அன்னிக்கி சாயங்காலமே உன்ன வுட்டாங்க. என்ன மட்டும் வேலூர்ல போட்டாங்க. நீ சொல்லித்தான் உன்ன வுட்டாங்கன்னு நான் நெனச்சேன். எம் பொண்ணு உம் பையன் பேர சொன்னதும் எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? இருந்தாலும் ஒத்துக்கினேன்டா." அப்படியானால் திங்கட்கிழமை ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்டேன். அதற்கு மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, உடம்பு சரியில்லை என்றான். பொய் சொல்கிறான் என்று பளிச்சென்று தெரிந்தது. டீ சொல்கிறேன் என்றான், வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆம்பூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கத்தினேன். "பழிய எம்மேலயே திருப்பறான், எவ்ளோ தில்லு பாரு" என்றேன். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. "அவன் சொல்லல. நான்தான் சொன்னேன்" என்றாள். எனக்குப் புரியவே இல்லை. "எங்க அண்ணன் கைய போட்டு ஒடிச்சிகினு இருக்கறாங்க, நீ கருப்பு பூசிகினு வந்து நிக்கற. விடியறதுக்குள்ள குழந்தைய தூக்கினு ஸ்டேஷனுக்குப் போனேன். செவப்புக் கை வேலை செய்யற கை சார், மேட்டுல நின்னவங்க கை இன்னிக்கி கருப்பா இருக்கும்னு சொன்னேன். மொதல்ல உன் பேரத்தான் சொன்னேன். கட்டினவளே வந்து சொன்னதாலதான் அந்த இன்ஸ்பெக்டர் உன்ன சீக்கிரம் வுட்டாரு." பிரபு, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அவள் இதைச் செய்திருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ என்ன கேட்டியா? ஏழுமலைதான்னு நீயே முடிவு பண்ணிகின. மொதல்ல பயமா இருந்திச்சி. அப்புறம் பாத்தா அவன் இல்லாம நீ மேட்டுக்குப் போறத வுட்டுட்ட. அப்பிடியே இருக்கட்டும்னு வுட்டுட்டேன். அது எந் தப்புதான்" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பேசாமல் இருந்த நேரத்தில் என் புத்தி எங்கே போனது தெரியுமா? இவள் இன்னும் என்னென்ன மறைத்திருக்கிறாள் என்று உட்கார்ந்து யோசித்தேன். அப்போதுதான் என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. உனக்கு ஒருத்தர் மேல் சந்தேகம் வந்தால் அன்றைக்கே போய்க் கேட்டுவிடு. கேட்காமல் வைத்திருந்தால் அது வேலைக்கு லீவு போட்டவனையும் திருடனாக்கும், சைக்கிளைத் திருப்பியவனையும் திருடனாக்கும்.

மூன்றாம் நாள் காலையில் அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு நின்றாள். "பள்ளிகொண்டா போறேன். வர்றதுன்னா வா" என்றாள். அவள் போய் உண்மையைச் சொன்னால், தன்னை ஜெயிலுக்கு அனுப்பியவள் வீட்டுக்கு எவன் பெண் கொடுப்பான்? இத்தனை நாள் வேண்டாம் வேண்டாம் என்று நின்றவனுக்கு அப்போதுதான் இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. "இப்ப எதுக்கு? கல்யாணம் முடிஞ்சி சொல்லிக்கலாம்" என்றேன். "குடுக்காட்டி போவட்டும். மறைச்சி இட்டாந்த பொண்ணு மூஞ்சிய தெனம் எப்பிடி பாக்கறது? நீ பாப்ப. என்னால முடியாது" என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். உன் கல்யாணம் இன்றோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அவன் வீட்டில் அன்று எல்லோரும் இருந்தார்கள். ஏழுமலை, அவன் வீட்டம்மா, லீவில் வந்திருந்த சுகன்யா. உன் அம்மா உட்காரக்கூட இல்லை. நின்றபடியே முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள், ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. "நீ ஜெயிலுக்குப் போனதும் என்னாலதான், வேலை போனதும் என்னாலதான். இவரு உன்ன தப்பா நெனச்சிகினு இருந்ததும் எனக்குத் தெரியும். இதுக்கப்புறம் உன் இஷ்டம் ஏழுமல" என்றாள். அவன் வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஏழுமலை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாசலில் கிடந்த என் செருப்பைத் தேடினேன், எப்படியும் கிளம்பச் சொல்லப்போகிறான் என்று.

அவன் பேசினபோது என்னைப் பார்க்கவில்லை, உன் அம்மாவைத்தான் பார்த்தான். "அண்ணி, அன்னிக்கி விடியறப்ப நானும் கெளம்பினேன். உங்க அண்ணன் எனக்குத் தொழில் கத்துக் குடுத்தவரு. அவர புடிச்சிகினு போய்ட்டாங்கன்னு கேட்டதிலேந்து எனக்குப் பேஜாராப் போச்சி. நாங்கதான்னு சொல்லிட்டு வந்துரலாம்னு ஸ்டேஷன் தெரு முக்கு வரைக்கும் போனேன். உள்ள அவரு கத்தற சத்தம் கேட்டிச்சி. அப்பிடியே திரும்பி ஓடியாந்து போத்திகினு படுத்துட்டேன். அதான் திங்கக்கெழம வேலைக்கி வரல. நீங்க கொழந்தைய தூக்கினு உள்ளாறவே போயிருக்கீங்க. நான் தெரு முக்கோட திரும்பிட்டேன். ஜெயில்ல இருந்தது எனக்குப் பெரிசில்ல அண்ணி, அந்தச் சத்தம்தான் இன்னும் காதுல இருக்குது." சொல்லிவிட்டு எழுந்து உன் அம்மாவுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். உன் அம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் அழுதாள். அவள் அண்ணன் செத்தபோதுகூட அப்படி அழுததை நான் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு அவனுக்குச் சம்மதம். எனக்கும் சம்மதம், என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை என்றாலும் எழுதி வைக்கிறேன். தேதி பார்க்க அடுத்த வாரம் அவர்கள் இங்கே வருகிறார்கள், நீ லீவு சொல்லிவிட்டு வந்து சேர். வருவதற்கு முன் ஒன்று மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகத்தான் இத்தனை பக்கம் எழுதினேன். கிளம்பும்போது சுகன்யா எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல பெண், மரியாதையான பெண், மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிற பெண். "அத்த ஸ்டேஷனுக்குப் போனாங்க. எங்கப்பா தெரு முக்கு வரைக்கும் போனாரு. நீங்க எங்க மாமா இருந்தீங்க?" என்றாள். குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளைச் சந்தேகப்பட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன்.

"தூங்கிகினு இருந்தேம்மா."